மிச்சமாக ஒதுக்கப்பட்ட வடிவம்

முதலில் இருந்தது ஒரு கயிறு. இரு நுனியிலும் கண்ணி, இடையிடையே முடிச்சு. சோம வேள்விக்காக மண்ணைத் தட்டிச் சமன் செய்தவர்கள், மேற்கிலிருந்து கிழக்காக 36 தப்படிக்கு ஒரு நடுக்கோடு போட்டு இரு முனையிலும் முளை அடித்தார்கள். மேற்கு முனையில் குறுக்காக 30 தப்படி அகலம். கிழக்கு முனையில் 24 தப்படிதான். நான்கு மூலைகளையும் கயிற்றால் இணைத்ததும் தரையில் ஒரு வடிவம் எழுந்தது. எதிரெதிரே இரண்டு பக்கங்கள் இணையாக ஓடின. ஆனால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. மற்ற இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்து நின்றன. மகாவேதி என்று அதற்குப் பெயர். அளவு பிசகினால் வேள்வியின் பலனே கெடும் என்று நம்பிய காலம். வெட்டவெளியில், வெறும் கயிற்றை வைத்துக்கொண்டு, அந்த நான்கு மூலைகளையும் பிசகாமல் பிடிப்பது எப்படி?

சுல்பம் என்றால் கயிறு. அந்தக் கயிற்று வேலையின் இலக்கணத்தை எழுதி வைத்தவை சுல்ப சூத்திரங்கள். அவற்றில் ஒன்றைச் செய்த ஆபஸ்தம்பர், 15, 36, 39 என்ற மூன்று அளவுகளைக் கையில் எடுத்தார். 36 நடுக்கோடு. 15 மேற்குப் பக்கத்தில் பாதி. 39 தப்படிக் கயிற்றை இரண்டுக்கும் நடுவே இழுத்துப் பிடித்தால் மூலை கச்சிதமாகச் செங்கோணத்தில் விழும். மூலைச் சிக்கல் தீர்ந்தது. அதோடு அவர் விட்டிருக்கலாம். விடவில்லை. இந்தச் சாய்ந்த வடிவத்துக்குள் எத்தனை சதுரத் தப்படி அடங்கும் என்று கேட்டுக்கொண்டார். செவ்வகமாக இருந்தால் நீளத்தை அகலத்தால் பெருக்கிவிடலாம். இங்கே அகலம் அடிக்கு அடி மாறுகிறதே?

அவர் செய்தது ஒரு தையல்காரர் செய்யும் வேலை. தெற்கு ஓரத்தில் சாய்ந்திருந்த முக்கோணத் துண்டை மனத்தால் வெட்டி எடுத்தார். தலைகீழாகத் திருப்பி வடக்கு ஓரத்தில் ஒட்டினார். அகலம் 27, நீளம் 36 என ஒரு முழுச் செவ்வகம் கிடைத்தது. பெருக்கினால் 972. வெட்டி ஒட்டி மெய்ப்பித்த கணக்குகளில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகியும் இன்றுவரை அதில் ஒரு குறை காண முடியாது. பிறந்த இடத்திலேயே அந்த வடிவத்துக்கு முதல் மரியாதை கிடைத்துவிட்டது. ஆனால் வெகு தொலைவில், கடலோர நகரம் ஒன்றில், இன்னொருவர் அதை ஒரே வரியில் ஓரங்கட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்.

அந்த நகரம் அலெக்சாண்டிரியா. காலம் கி.மு. 300-ஐ ஒட்டி. ஆள் யூக்ளிட். தம் நூலின் முதல் புத்தகத்தில், 22-ஆம் வரையறையில், நான்கு பக்க வடிவங்களை அவர் வரிசையில் நிறுத்தினார். பக்கமும் சமம், கோணமும் செங்கோணம் என்றால் சதுரம். கோணம் மட்டும் செங்கோணம் என்றால் நீள்சதுரம். பக்கம் மட்டும் சமம் என்றால் சாய்சதுரம். எதிர்ப்பக்கமும் எதிர்க்கோணமும் மட்டும் சமம் என்றால் நான்காவது ஒன்று. மீதி எல்லாவற்றையும் ட்ரபேசியா என்று அழைத்துக்கொள்ளலாம் என்று முடித்துவிட்டார். அவ்வளவுதான். ஆபஸ்தம்பர் அரும்பாடுபட்டு அளந்த வேதி வடிவமும், ஒரு பக்கம்கூட இன்னொன்றோடு ஒத்துப்போகாத கோணல்மாணல் வடிவமும் ஒரே கூடையில் விழுந்தன.

ட்ரபேசா என்பது கிரேக்கத்தில் மேசை. நான்கு கால் உள்ளது என்பதே அதன் வேர்ப்பொருள். ஆனால் விதி அங்கேயே தன் வேலையைக் காட்டியது. அதே முதல் புத்தகத்தின் 35-ஆம் தேற்றத்துக்கு வந்தபோது, இரண்டு இணைகரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிய, பொதுவான முக்கோணத்தைக் கழித்த பிறகு மிஞ்சிய துண்டுகளுக்கு யூக்ளிட் ஒரு பெயர் சொல்ல வேண்டியிருந்தது. மிச்சக் கூடையிலிருந்த சொல்லையே எடுத்தார். அவர் ட்ரபேசியம் என்று குறித்த அந்தத் துண்டுகளோ, இரண்டு பக்கம் இணையாக, இரண்டு பக்கம் சாய்வாக, வேதியின் வகையாகவே இருந்தன. கூடைக்குள் போட்ட கையே அதை வெளியே எடுத்தது. அதை யாராவது கவனித்தார்களா?

கவனித்த முதல் பெயர் போசிடோனியஸ். கி.மு. முதல் நூற்றாண்டுக்காரர். நான்கு பக்க வடிவங்களை நான்காக அல்ல, ஏழாகப் பிரித்தவர் அவர் என்று கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் பதிந்து வைத்தார். அவர்கள் கண்ட வழி எளிமையானது. பக்கம் சமமா என்று கேட்பதற்கு முன்னால், பக்கம் இணையா என்று கேட்டார்கள். இரு சோடியும் இணை என்றால் ஒரு குலம். ஒரே ஒரு சோடி இணை என்றால் அது ட்ரபேசியம். எந்தச் சோடியும் இணை இல்லை என்றால் ட்ரபேசியம் போன்றது என்ற பொருளில் ட்ரபேசாய்டு. ஆக, மிச்சக் கூடை இரண்டாகப் பிரிந்தது. நம் வடிவத்துக்குத் தனிப் பெயர் கிடைத்தது. இந்தப் பெயரும் பறிபோக இன்னும் 1,300 ஆண்டுகள் இருந்தன.

இதற்கிடையில் இந்தியாவில் அந்த வடிவம் வேள்விக் களத்தைவிட்டு வயலுக்கு இறங்கியிருந்தது. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கே ஒரு பெரிய போட்டி. காஞ்சியில் மகேந்திரவர்ம பல்லவன். வாதாபியில் இரண்டாம் புலிகேசி. பல்லவனைக் காஞ்சியின் மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்ததாகப் புலிகேசியின் புலவர் ரவிகீர்த்தி ஐஹொளேக் கல்வெட்டில் பொறித்தார். காசக்குடிச் செப்பேடோ வேறு விதமாகச் சொன்னது. மகேந்திரவர்மன் தன் முதன்மையான பகைவர்களை அழித்தான், அழித்த இடம் புள்ளலூர் என்றது. காஞ்சிக்கு வடக்கே வயல் சூழ்ந்த அந்த ஊர் வரலாற்றில் தலைகாட்டியது அப்போதுதான். போர் முடிந்தால் அரசனுக்கு அடுத்த வேலை ஏரி. காஞ்சி நாட்டில் ஏரிக்கரை போட்டவர்கள் எவரும் மண்ணைச் சுவர்போல நட்டுக்குத்தாக நிறுத்தவில்லை. நின்றால்தானே! அடியில் அகலம், உச்சியில் ஆள் நடக்கும் அளவு, இருபுறமும் சரிவு. கரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மகாவேதியின் வடிவம் அப்படியே தெரிந்தது. எத்தனை கூடை மண் வேண்டும், எவ்வளவு கூலி என்று தீர்மானிக்க, அந்த வெட்டுமுகத்தின் பரப்பு தெரிந்தாக வேண்டும். வயலுக்கும் அதே கதை. வாய்க்காலை ஒட்டி வளைந்து போகும் நிலம் நேர் செவ்வகமாகவா விழும்?

வயல் கணக்கு எழுதுபவரிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு, இரண்டு பாதிகளையும் பெருக்கு, தீர்ந்தது. எகிப்தின் எட்ஃபு கோயில் நிலக் கணக்கிலும் இதே வழிதான். ஒரு வயலை எடுத்துக்கொண்டால் இதன் வினை விளங்கும். கீழ்ப் பக்கம் 20 கோல், மேல் பக்கம் 8 கோல், சாயும் பக்கங்கள் ஒவ்வொன்றும் 10 கோல். குறுக்குவழியில் 20-உம் 8-உம் சேர்ந்து பாதி 14, மற்ற இரண்டின் பாதி 10, பெருக்கினால் 140 சதுரக் கோல். உண்மையில் அந்த நிலத்தின் செங்குத்து உயரம் 8 கோல்தான். பரப்பு 112. இல்லாத 28 சதுரக் கோலுக்கும் சேர்த்து உழவர் தீர்வை கட்டினார். இந்தக் குறுக்குவழி ஒருபோதும் குறைவாகக் காட்டாது. செவ்வகத்துக்கு மட்டும் சரியாக வரும், மற்ற எல்லா நிலத்துக்கும் கூடுதலாகவே வரும். வரி வாங்குபவருக்கு இதைவிட இனிப்பான வாய்ப்பாடு வேறு உண்டா?

மகேந்திரவர்மன் காஞ்சியில் இருந்த அதே தலைமுறையில், இன்றைய ராஜஸ்தானின் பில்லமாலத்தில் முப்பது வயது இளைஞர் ஒருவர் இந்த வாய்ப்பாட்டின்மீது கை வைத்தார். பெயர் பிரம்மகுப்தர். கி.பி. 628-ல் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்தில், எதிர்ப்பக்கப் பாதிகளைப் பெருக்குவது தோராயம் மட்டுமே என்று ஒதுக்கினார். சரியான வழியையும் பக்கத்திலேயே வைத்தார். நான்கு பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்கு. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழி. வந்த நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடு. மேலே சொன்ன வயலில் கூட்டுத்தொகை 48, பாதி 24. கழித்தால் 4, 16, 14, 14. பெருக்கினால் 12,544. வர்க்கமூலம் 112. உயரம் அளக்காமலே, வயலுக்குள் கால் வைக்காமலே, விடை சுத்தமாக வந்துவிட்டது.

வாய்ப்பாட்டைவிட முக்கியமான ஒன்று அந்த இடத்தில் ஓசையின்றி நடந்தது. பிரம்மகுப்தர் நான்கு பக்க வடிவங்களை வரிசைப்படுத்திய விதம் யூக்ளிடுடையது அல்ல. சதுரம், செவ்வகம், இரு பக்கம் சமமானது, மூன்று பக்கம் சமமானது, எதுவும் சமமில்லாதது என்று ஐந்து வகை. மூன்றாவது, நான்காவது வகைகள் என்ன? இருபுறமும் ஒரே அளவில் சாய்ந்த, வேதியின் வடிவங்கள்! கிரேக்கத்தில் கூடையில் கிடந்தது இங்கே ஐந்தில் இரண்டு இடங்களைப் பிடித்தது. எது முதல் வரிசையில் நிற்கும் என்பதைத் தீர்மானித்தது, எது கையில் புழங்கியது என்பதே என்று எனக்குப் படுகிறது. மணலில் கோடு கிழித்தவர்களுக்குச் சமச்சீர் முக்கியம். கரை கட்டி, வயல் அளந்து, வேதி போட்டவர்களுக்கு இந்தச் சாய்ந்த வடிவமே அன்றாடம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்தில் மகாவீராசாரியர் என்ற சமணக் கணிதர் அந்த ஐந்து வகையையும் அப்படியே எடுத்து, கணித சார சங்கிரகம் என்ற நூலில் விரித்தார். தோராயமான பரப்பு தனி, நுட்பமான பரப்பு தனி என்று பிரித்துக் கணக்குப் போட்டார். அடுத்த அத்தியாயத்தில் குழி தோண்டும் கணக்கையும் வைத்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. ஆனால் பிரம்மகுப்தரின் வாய்ப்பாட்டில் ஒரு பள்ளம் மறைந்திருந்தது. அதில் விழாமல் தப்பிய ஒருவர், கத்தியே விட்டார்.

கி.பி. 1150-ல் லீலாவதி எழுதிய இரண்டாம் பாஸ்கரர் அவர். நான்கு குச்சிகளை முனைகளில் கட்டி ஒரு சட்டமாக்கி லேசாக அழுத்தினால் சட்டம் சாயும். பக்கங்கள் மாறாது, உள்ளே அடங்கும் இடம் மட்டும் மாறும். ஆக, நான்கு பக்கத்தை மட்டும் சொல்லிப் பரப்பு என்ன என்று கேட்பதில் பொருளே இல்லை. குத்துயரமோ மூலைவிட்டமோ தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் கேட்பவரைப் பிசாசு என்றார் பாஸ்கரர். விடை சொல்பவரோ அதைவிடப் பெரிய பிசாசு என்றார். பிரம்மகுப்தரின் வாய்ப்பாடு நான்கு மூலையும் ஒரே வட்டத்தில் அமரும் வடிவங்களுக்கு மட்டுமே பொருந்தும். அந்த நிபந்தனையை அவர் வெளிப்படையாக எழுதி வைக்கவில்லை. இந்தச் சண்டையில் மற்ற வடிவங்கள் அடிபட்டபோது, இருபுறமும் சமமாகச் சாய்ந்த நம் வடிவம் மட்டும் கீறல் படாமல் நின்றது. காரணம், அதன் நான்கு மூலைகளும் எப்போதும் ஒரு வட்டத்தில் அமரும். ஆனால் இனி ஆபத்து கணக்கிலிருந்து வரவில்லை.

ஏடுகள் மடங்களிலும் வீடுகளிலும் முடங்கின. நூற்றாண்டுகள் கடந்தன. 1780 செப்டம்பர் 10 அன்று புள்ளலூர் இரண்டாம் முறையாக வரலாற்றுக்குள் இழுக்கப்பட்டது. வடக்கிலிருந்து ஆங்கிலக் கும்பெனியின் கர்னல் வில்லியம் பெய்லி ஏறத்தாழ 3,800 பேருடன் வந்துகொண்டிருந்தார். காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்த மன்றோவின் படையோடு சேர்வது அவர் திட்டம். நடுவில் மைசூரின் திப்புவும் ஐதரும் வளைத்துக்கொண்டார்கள். நாலாபுறமும் குதிரைப்படை. கும்பெனிப் படை நான்கு பக்கமும் வெளிநோக்கித் துப்பாக்கி நீட்டிச் சதுரமாக அணிவகுத்தது. மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சதுரம் குலைந்தது. பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனார், திரும்பவில்லை. திப்பு 1784-ல் தன் தரியா தவுலத் மாளிகைச் சுவரில் அந்தச் சதுரத்தையும், நடுவில் பல்லக்கில் பெய்லியையும், வெடிக்கும் வண்டியையும் வரைய வைத்தார். வடிவியல் நூலுக்கு வெளியே இவ்வளவு புகழ் பெற்ற நாற்கரம் இந்தப் பக்கத்தில் வேறில்லை. பெய்லி சிறைப்பட்ட அடுத்த ஆண்டே, 1781 ஆகஸ்டில், அதே புள்ளலூரில் ஐயர் கூட் தலைமையில் இன்னொரு சண்டை. அதில் மாண்ட அதிகாரிகளுக்காக வயலில் ஏதோ ஒன்று எழுந்தது. அது என்ன என்பதற்கு முன்னால், அந்த நாட்களில் இங்கிலாந்தில் நடந்த ஒரு பிழையைப் பார்த்தாக வேண்டும்.

புள்ளலூரில் வண்டிகள் வெடித்தபோது, லண்டனை அடுத்த வுல்விச் ராணுவப் பள்ளியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் சார்லஸ் ஹட்டன். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். சிறு வயதில் முழங்கை காயப்பட்டது. அதனால் சுரங்க வேலைக்கு வாகாக இல்லாமல் போய்ப் படிப்புப் பக்கம் திரும்பியவர். ஒரு மலையின் ஈர்ப்பை வைத்துப் பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டவரும் இவரே. அவ்வளவு கவனமான மனிதர் 1795-ல் வெளிவரத் தொடங்கிய தம் கணித அகராதியில் இரண்டு சொற்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். எந்தப் பக்கமும் இணையாக இல்லாததை ட்ரபீசியம் என்றார். இரண்டு பக்கம் இணையானதை ட்ரபீசாய்டு என்றார். புரோக்ளஸ் எழுதியதற்கு நேர் எதிர்! 1,300 ஆண்டு தாங்கிய பெயர் ஓர் அகராதிப் பதிவில் கைமாறியது.

சாதாரண ஆள் செய்திருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தியிருப்பார்கள். ஹட்டனின் பாடநூல்களோ எங்கும் பரவியிருந்தன. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியிலும் அவருடைய நூலே படிக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து விழித்துக்கொண்டு பழைய பொருளுக்குத் திரும்பியது. அமெரிக்கா திரும்பவில்லை. இன்றும் சென்னையில் ட்ரபீசியம் என்று படித்துவிட்டு நியூ ஜெர்சிக்குப் போகும் மாணவர், அங்கே அதே படத்துக்கு ட்ரபீசாய்டு என்று எழுத வேண்டியிருக்கிறது. படம் ஒன்று, பெயர் இரண்டு. தமிழில் என்ன பெயர்? அப்போது தமிழில் அதற்குப் பள்ளிப் பெயரே நிலைத்திருக்கவில்லை.

ஆனால் தமிழ்நாட்டு மண்ணில் அந்த வடிவம் மறுபடியும் வேலைக்கு வந்தது. 1858-ல் சென்னை மாகாணத்தில் ரெவின்யூ சர்வே தொடங்கியது. சர்வேயர்கள் வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சங்கிலி போட்டார்கள். பாஸ்கரர் கேட்ட அதே மூலைவிட்டம்! அந்தக் கோட்டிலிருந்து வரப்பின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் செங்குத்தாக அளந்தார்கள். இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே விழுந்த ஒவ்வொரு துண்டும் என்ன வடிவம்? செங்குத்துகள் இரண்டும் இணை, நீளம் வேறு, மேலே வரப்பு சாய்வு. மகாவேதியின் தம்பி. இரண்டு செங்குத்துகளையும் கூட்டிப் பாதியாக்கி, இடைத்தூரத்தால் பெருக்கித் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். பத்திரப் பதிவுக்கு ஓடுபவர்கள் வாங்கும் எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் படத்தில் தெரியும் கோடுகள் இந்தக் கோடுகளே. ஆனால் வடிவத்தின் பழைய குலப் பெருமையைச் சொல்லும் ஏடு மட்டும் இன்னும் இருட்டில் கிடந்தது.

பிரம்மகுப்தரையும் பாஸ்கரரையும் கோல்புரூக் 1817-ல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருந்தார். மகாவீரர்தான் விட்டுப்போனவர். சென்னை மாநிலக் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியரான மு. ரங்காசாரியர், அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கும் பொறுப்பேற்றிருந்தார். இந்தியக் கணிதத்தின்மீது புது வெளிச்சம் போடும் நூல் ஏதாவது இங்கே உண்டா, தேடிப் பாருங்கள் என்று அவரிடம் கேட்டவர் அன்றைய பொதுக் கல்வி இயக்குநர் ஸ்டூவர்ட். ரங்காசாரியர் தேடினார். கணித சார சங்கிரகத்தின் மூன்று பிரதிகள் அகப்பட்டன. மூன்றும் குறைப் பிரதிகள். ஒன்று பல்லவர் காலக் காஞ்சி நாட்டில் செழித்த கிரந்த எழுத்தில் இருந்தது. குறைப் பிரதியை வைத்து அச்சேற்ற முடியாது. மைசூரிலிருந்து ஒரு படி வந்தது. தென்கன்னடத்து மூடபித்ரியில் ஒரு சமண மடத்தின் ஓலைகளில் இன்னொன்று கிடைத்தது. ஒன்றின் ஓட்டையை மற்றது அடைத்தது.

நூல் அச்சுக்கு வரும் முன்பே செய்தி கடல் கடந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் யூஜின் ஸ்மித் 1908-ல் ரோமில் கூடிய உலகக் கணிதர் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார். 1912-ல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக அது வெளிவந்தது. ஐந்து வகையும் முறையாக அச்சில் நின்றன. ஆக, பெயர் குழம்பிக் கிடந்த அந்த வடிவத்தின் குலவரிசை சென்னையில் மீண்டது. தமிழ்ப் பெயர் மட்டும் பாக்கி.

கணிதத்தைத் தமிழில் சொல்லித்தர முடியுமா என்ற கேள்வி அப்போது சூடாக இருந்தது. முடியும் என்று காட்ட 1916-ல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் ஒரு சொல்லாக்கச் சங்கம் தொடங்கினார்கள். 1936-ல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்கு ஈழத்திலிருந்து வந்த சுவாமி விபுலாநந்தர் தலைமை தாங்கினார். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் கலைச்சொற்கள் தொகுப்பு 1938-ல் வெளியானது. க்ஷேத்திர கணிதம் வடிவியல் ஆனது. இந்தத் தலைமுறைகளின் உழைப்பில்தான் வடிவங்களின் தமிழ்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பள்ளிக்குள் வந்தன. பக்கத்தைப் பழைய கணிதர்கள் புஜம், அதாவது கை என்றார்கள். அந்தக் கை தமிழில் கரமாகி நாற்கரம், இணைகரம் என்று உட்கார்ந்தது. செம்மையான உள்ளிடம் செவ்வகம். அதே அச்சில், சரிவான உள்ளிடத்துக்கு வார்த்த பெயர் சரிவகம்.

ஆம், சரிவகம். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய இரவில் இணைப்பக்கங்களின் கூடுதல், பெருக்கல் உயரம், வகுத்தல் இரண்டு என்று நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் உருப்போடும் அந்தச் சரிவகம்தான் மகாவேதி. யூக்ளிட் கூடையில் போட்டதும் அதுவே. ஹட்டன் பெயர் மாற்றியதும் அதுவே. ட்ரபீசியம் என்ற கிரேக்க மேசை தன்னிடம் என்ன சாய்ந்திருக்கிறது என்று சொல்லவே இல்லை. தமிழ்ப் பெயரைக் கேட்டதுமே படம் கண்ணில் விழுந்துவிடுகிறது. உலகில் இதற்கு வைத்த பெயர்களில் இதுவே சிறந்தது என்பது என் துணிபு.

கதையில் ஒரு முடிச்சு மட்டும் மிச்சம் இருந்தது. பெர்லினில் பாபிலோனியக் களிமண் பலகைகளை ஆராய்ந்துகொண்டிருந்த மத்தியூ ஓசென்ட்ரைவரைப் பல ஆண்டுகளாக நான்கு பலகைகள் வாட்டின. வியாழன் கோள் பற்றிய கணக்கில், சம்பந்தமே இல்லாமல் ஒரு சரிவகம் வந்து நின்றது. 2014-ல் ஓய்வுபெற்ற ஆய்வாளர் ஒருவர் பழைய படங்கள் சிலவற்றோடு அவரைப் பார்க்க வந்தார். அந்தப் படங்களில் ஒன்றில் இருந்த சிறு பலகைதான் சாவி. வியாழனின் வேகம் 60 நாளில் மெல்லக் குறைகிறது. நாளைக் கிடையாகவும் வேகத்தை நெடுக்காகவும் வரைந்தால் கிடைப்பது சரிவகம். அதன் பரப்பே கோள் கடந்த தூரம். 2016 ஜனவரியில் சயன்ஸ் இதழில் இது வெளிவந்தது. பலகைகளின் காலம் கி.மு. 350-க்கும் 50-க்கும் இடைப்பட்டது. யூக்ளிட் மிச்சம் என்று எழுதிய அதே காலத்தை ஒட்டி, வேறு யாரோ அதே வடிவத்தால் வானத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

ஒரு வழக்கு இன்னும் தீரவில்லை. ஒரே ஒரு சோடி இணை என்றால்தான் சரிவகமா, குறைந்தது ஒரு சோடி என்றாலே போதுமா? முதல் வரையறையில் இணைகரம் வெளியே நிற்கும். இரண்டாவதில் இணைகரம், செவ்வகம், சதுரம் எல்லாமே சரிவகத்தின் பிள்ளைகளாகிவிடும். யூக்ளிடுக்குச் சதுரமும் நீள்சதுரமும் தனித்தனிச் சாதி. இன்றைய கணிதமோ சதுரத்தையும் ஒரு செவ்வகமாகவே ஏற்கிறது. அந்தப் போக்கில் போனால் இரண்டாவது வரையறையே சீரானது. பாடநூல்கள் பல இன்னும் முதலாவதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

1781 சண்டையில் மாண்ட கும்பெனி அதிகாரிகள் இருவரின் நினைவாக எழுந்த இரண்டு தூண்கள் புள்ளலூர் வயல்வெளியில் இன்றும் நிற்கின்றன. அடியில் அகன்று மேலே போகப் போகக் குறுகும் நாற்புறத் தூண்கள். நுனிக் கூம்புக்குக் கீழே, ஒவ்வொரு தூணுக்கும் நான்கு முகங்கள். இரண்டுக்கும் சேர்த்து எட்டுச் சரிவகங்கள்.